ஏஜென்ட்டுகளுக்கான கருவி விளக்கங்களை மதிப்பிடுவது எப்படி?

பயனருக்காகப் பணிகளைத் தானே செய்துமுடிக்கும் செயற்கை நுண்ணறிவு ஏஜென்ட் ஒன்றின் கையில் நாம் ஒரு மென்பொருள் கருவியைக் கொடுக்கும்போது, அந்தக் கருவியின் நிரலை அது பார்ப்பதில்லை. கருவியின் பெயர், அது என்ன செய்யும் என்று சொல்லும் சில வரிகள், உள்ளீடுகளை எந்த வடிவில் தரவேண்டும் என்று குறிக்கும் ஸ்கீமா ஆகிய மூன்றும்தான் பெரும்பாலும் அதன் கண்ணில் படுகின்றன. பயனர் கேட்டதற்கு இந்தக் கருவி தேவையா, தேவையென்றால் எந்த மதிப்புகளைத் தந்து அழைப்பது, வந்த விடையை எப்படிப் பொருள்கொள்வது என்ற முடிவுகள் எல்லாம் அந்த வரிகளை நம்பியே எடுக்கப்படுகின்றன. ஓபன்ஏஐ நிறுவனம் 2023 ஜூனில் மற்ற நிரல்கள் வந்து இணையும் வாயிலான தன் ஏபிஐயில், வெளிக் கருவிகளை அழைக்க வழிசெய்யும் ஃபங்ஷன் காலிங் வசதியைச் சேர்த்தபோது இந்த அமைப்பு பரவலானது. ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில், கருவிகளை ஏஜென்ட்டுகளோடு இணைப்பதற்கான பொது நெறிமுறையாக, எம்சிபி என்று சுருக்கமாக அழைக்கப்படும் மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகாலை வெளியிட்ட பிறகு, ஒருவர் எழுதிய கருவியை அவருக்கு அறிமுகமே இல்லாத இன்னொருவரின் ஏஜென்ட் எடுத்துப் பயன்படுத்துவது சாதாரணமாகிவிட்டது. எழுதியவரைக் கூப்பிட்டுச் சந்தேகம் கேட்க வழியில்லாத நிலையில், அந்த நான்கைந்து வரிகள் தெளிவாக இருக்கின்றனவா என்று சோதிப்பது நிரலைச் சோதிப்பதற்கு எந்த வகையிலும் குறைந்த வேலை அன்று.

சிங்கப்பூரில் இந்த வேலைக்கான தேவை கண்கூடாக இருக்கிறது. அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளமான டேட்டா.கவ்.எஸ்ஜி, நிலப் போக்குவரத்து ஆணையத்தின் டேட்டாமால் போன்றவை வானிலை, காற்றுத்தரம், பேருந்து வருகை எனப் பலவற்றையும் ஏபிஐ வழியே தருகின்றன. பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்களும், மூத்தோருக்குத் தமிழில் உதவும் செயலிகளை அமைக்க விரும்பும் தொண்டூழியர்களும் இவற்றைக் கருவிகளாகச் சுற்றிக்கட்டி ஏஜென்ட்டிடம் கொடுக்கலாம். தரவு நன்றாக இருக்கிறது, ஏஜென்ட்டின் மூளையாக இருந்து உரையைப் படித்து விடை எழுதும் மொழி மாதிரியும் திறமையானது. ஆனாலும் விடை தவறிப்போகிறது என்றால், இடையில் இருக்கும் விளக்கத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அதை மதிப்பிடும் முறையைத்தான் இங்கே சொல்ல வருகிறேன். விளக்கம் எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருக்கிறது என்பதை வைத்து மதிப்பிடாமல், அதைப் படித்த ஏஜென்ட் என்ன செய்தது என்பதை வைத்து மதிப்பிட வேண்டும் என்பதே இந்த முறையின் அடிப்படை.

மாதிரிக்குப் போய்ச் சேரும் வரிகளை எடுத்துக்கொள்ளுங்கள்

மதிப்பீட்டைத் தொடங்கும்போது, கருவிக்கான கையேட்டையோ நிரல் களஞ்சியத்தில் இருக்கும் அறிமுகக் கோப்பையோ படிக்க வேண்டாம். மொழி மாதிரிக்கு உண்மையில் அனுப்பப்படும் உரையை மட்டும் எடுங்கள். கருவியை வழங்குவது எம்சிபி சர்வராக இருந்தால், கருவிப் பட்டியலைக் கேட்டு அனுப்பும் வேண்டுகோளுக்கு அது தரும் பதிலை அப்படியே ஒரு கோப்பில் சேமியுங்கள். பல நிரல் சட்டகங்கள் ஃபங்ஷனோடு சேர்த்து எழுதியிருக்கும் குறிப்பிலிருந்து விளக்கத்தைத் தாமாகவே உருவாக்கிக்கொள்கின்றன. அப்படி உருவாகும்போது, நிரலாளர் தம் சகாக்களுக்காக எழுதிய ‘பிறகு சரிசெய்ய வேண்டும்’ போன்ற குறிப்புகள் உள்ளே போய்விடுவதும், உள்ளீடுகளைப் பற்றி எழுதியவை விடுபட்டுப்போவதும் உண்டு. நீங்கள் எழுதியதாக நினைப்பதும் மாதிரி படிப்பதும் ஒன்றுதானா என்று உறுதி செய்யாமல் அடுத்த படிக்குப் போவதில் பயனில்லை.

அந்தக் கோப்பை, கருவியை உருவாக்குவதில் எந்தப் பங்கும் வகிக்காத ஒருவரிடம் கொடுத்து, சில கேள்விகளுக்கு அதை மட்டும் வைத்து விடை எழுதச் சொல்லுங்கள். இந்தக் கருவி எதைச் செய்யும், எப்போது இதை அழைக்கலாம், எப்போது அழைக்கக் கூடாது, ஒவ்வோர் உள்ளீட்டுக்கும் சரியான ஓர் எடுத்துக்காட்டு மதிப்பு என்ன, விடையாக என்ன கிடைக்கும், அழைத்ததால் வெளியே ஏதாவது மாறுமா, தவறு நேர்ந்தால் அடுத்து என்ன செய்யலாம் என்பவையே அந்தக் கேள்விகள். அவர் ஊகித்து எழுதிய இடங்களை எல்லாம் அடிக்கோடிடச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மனிதர் ஊகிக்க நேரும் இடத்தில் மொழி மாதிரியும் ஊகிக்கும். மனிதருக்குத் தாம் ஊகிக்கிறோம் என்று தெரியும். மாதிரி அந்த ஊகத்தையே உறுதியான மதிப்பாக நிரப்பி அனுப்பிவிடும்.

ஒரு கருவியை அருகில் வைத்துப் பார்த்தல்

பேருந்து வருகை நேரத்தைச் சொல்லும் கருவியை எடுத்துக்கொள்வோம். அதன் விளக்கம் ‘பேருந்துத் தகவலைத் தரும்’ என்ற ஒரே வரி. உள்ளீடு இரண்டு, முதலாவது ‘குறியீடு’, இரண்டாவது ‘சேவை’, இரண்டும் முழு எண் வகை என்று வைத்துக்கொள்வோம். இதை எழுதியவருக்கு எல்லாம் விளங்கும், அவர் மனத்தில் டேட்டாமாலின் கையேடு முழுவதும் இருக்கிறது. ஆனால் இந்த ஒற்றை வரியில் எத்தனை குழிகள் இருக்கின்றன என்று பாருங்கள்.

சிங்கப்பூரின் பேருந்து நிறுத்தக் குறியீடு ஐந்து இலக்கங்கள் கொண்டது, அவற்றில் பல பூஜ்யத்தில் தொடங்குகின்றன. விக்டோரியா ஸ்திரீட்டில் இருக்கும் ஒரு நிறுத்தத்தின் குறியீடு 01012. இதை முழு எண்ணாகக் கேட்டால் முன்னால் இருக்கும் பூஜ்யம் போய் 1012 ஆகிவிடும், ஏனெனில் உள்ளீடுகளை அனுப்பப் பயன்படும் ஜேசன் என்ற தரவு வடிவத்தில் எண்களுக்கு முன்னால் பூஜ்யம் வைக்கவே இடமில்லை. அஞ்சல் குறியீட்டுக்கும் இதே கதிதான். மரினா பே சேண்ட்சின் 018956 ஐந்து இலக்கமாகச் சுருங்கிவிடும். சேவை எண்ணையும் முழு எண்ணாக வைக்க முடியாது, 170எக்ஸ் போல எழுத்து சேர்ந்த எண்கள் இங்கே ஓடுகின்றன. ஆகவே ஸ்கீமாவில் இரண்டையும் எழுத்துச் சரமாக, அதாவது எண்ணாகக் கருதாமல் எழுத்துகளின் வரிசையாக, அறிவித்திருக்கிறார்களா, ஐந்து இலக்கம் என்ற வரம்பை வைத்திருக்கிறார்களா, ஓர் உண்மையான எடுத்துக்காட்டைக் கொடுத்திருக்கிறார்களா என்று பார்ப்பது மதிப்பீட்டாளரின் முதல் வேலை.

அடுத்தது, அந்தக் குறியீடு எங்கிருந்து கிடைக்கும் என்ற கேள்வி. தேக்காவில் நின்றுகொண்டு ‘லிட்டில் இந்தியா ஸ்டேஷன் எதிரே இருக்கும் நிறுத்தத்துக்கு அடுத்த பஸ் எப்போது வரும்’ என்று கேட்கும் பாட்டிக்குக் குறியீடு தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. விளக்கத்தில் ‘நிறுத்தத்தின் பெயர் மட்டும் தெரிந்தால் முதலில் நிறுத்தம் தேடும் கருவியை அழைத்துக் குறியீட்டைப் பெறவும், குறியீட்டை ஊகிக்க வேண்டாம்’ என்ற வாக்கியம் இல்லையென்றால், ஏஜென்ட் ஏதோ ஓர் ஐந்து இலக்க எண்ணைத் தானாக எழுதிவிடக்கூடும். அது உண்மையில் வேறொரு நிறுத்தத்தின் எண்ணாக இருந்துவிட்டால், கருவி எந்தப் பிழையும் காட்டாமல் அந்த நிறுத்தத்தின் நேரங்களைத் திருப்பித் தரும். பிழைச் செய்தி வந்தாலாவது யாராவது கவனிப்பார்கள். முறையாகத் தோன்றும் தவறான விடையை யாரும் கவனிக்கமாட்டார்கள். மதிப்பீட்டில் நான் இந்த வகைத் தவறுக்கே மற்ற எல்லாவற்றையும்விடக் கூடுதல் எடை தருவேன்.

திரும்பி வரும் விடையையும் விளக்கம் சொல்ல வேண்டும். பேருந்தில் இருக்கும் நெரிசலை இந்தத் தரவு எஸ்இஏ (SEA), எஸ்டிஏ (SDA), எல்எஸ்டி (LSD) என்று மூன்றெழுத்துக் குறிகளால் காட்டுகிறது. முதலாவது இருக்கைகள் உண்டு, இரண்டாவது நிற்க இடமுண்டு, மூன்றாவது நிற்பதற்கும் இடம் குறைவு என்று பொருள்படும். விளக்கத்தில் இவை இல்லாதபோது, முதலாவதைக் கடலாகவும் மூன்றாவதைப் போதைப்பொருளாகவும் படிப்பதற்கு ஒரு பொதுவான மொழி மாதிரிக்கு எல்லாக் காரணங்களும் இருக்கின்றன. சக்கர நாற்காலி ஏற வசதியுள்ள பேருந்தைக் குறிக்கும் டபிள்யூஏபி என்ற குறியும் அப்படித்தான். மூத்தோருக்காகச் செய்யப்படும் செயலியில் அந்த ஒரு குறியின் பொருளை விட்டுவிட்டால், கருவி வைத்திருந்தும் இல்லாத நிலைதான். வருகை நேரம் சிங்கப்பூர் நேர மண்டலத்தோடு சேர்த்து வருகிறது என்பதையும், அந்த இடம் வெறுமையாக வந்தால் ‘மதிப்பீடு இல்லை’ என்று பொருள், ‘பஸ் வந்துவிட்டது’ என்று பொருளல்ல என்பதையும் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

இவற்றையெல்லாம் சேர்த்துத் திருத்தினால் விளக்கம் ஏறத்தாழ இப்படி வரும்: ‘சிங்கப்பூரில் குறிப்பிட்ட ஒரு பேருந்து நிறுத்தத்துக்கு அடுத்து வரவிருக்கும் பேருந்துகளின் மதிப்பிடப்பட்ட வருகை நேரத்தைத் தரும். நிறுத்தக் குறியீடு தெரிந்திருந்தால் மட்டும் பயன்படுத்தவும். பெயர் மட்டும் தெரிந்தால் முதலில் நிறுத்தம் தேடும் கருவியை அழைக்கவும். பேருந்து செல்லும் பாதை, கட்டணம், கடந்துபோன பயணங்கள் ஆகியவற்றை இக்கருவி தராது. நேரம் வெறுமையாக இருந்தால் மதிப்பீடு கிடைக்கவில்லை என்று பொருள்.’ இதோடு ஒவ்வோர் உள்ளீட்டுக்கும் அதனதன் இடத்தில் வடிவமும் எடுத்துக்காட்டும், விடைக் குறிகளுக்குப் பொருளும் சேர வேண்டும். ‘தராது’ என்ற சொல் வரும் வாக்கியத்தைப் பலர் எழுதாமல் விடுகிறார்கள். ஏஜென்ட் வழிதவறாமல் இருக்க, கருவியின் எல்லையைச் சொல்லும் அந்த வாக்கியம் அதன் ஆற்றலைச் சொல்லும் வாக்கியத்துக்குச் சமமாக உதவுகிறது.

பக்கத்தில் இருக்கும் கருவிகளோடு சேர்த்துப் படிப்பது

ஒரு விளக்கத்தைத் தனியாகப் படித்து நன்று என்று சொல்வது அரை வேலை. ஏஜென்ட் எப்போதும் ஒரு பட்டியலைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறது. சிங்கப்பூரின் வானிலைத் தரவில் அடுத்த 2 மணி நேரத்துக்கான முன்னறிவிப்பு வட்டாரப் பெயர்களோடு, அங் மோ கியோ, பிடோக் என்று பிரித்துக் கிடைக்கிறது. 24 மணி நேர முன்னறிவிப்பு தீவை வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு, மத்தி என்று பிரிக்கிறது. 4 நாள் கண்ணோட்டம் தனியாக இருக்கிறது. இம்மூன்றையும் மூன்று கருவிகளாக்கி மூன்றிலும் ‘வானிலை முன்னறிவிப்பைத் தரும்’ என்று எழுதிவிட்டால், ‘நாளை மாலை அங் மோ கியோவில் மழை வருமா’ என்ற கேள்விக்கு ஏஜென்ட் எதை எடுக்கும்? வட்டாரப் பெயரை ஏற்கும் கருவி ஒன்றே ஒன்றுதான் என்பதால் 2 மணி நேரக் கருவியை எடுத்து, இப்போதைய நிலவரத்தை நாளைய விடையாகச் சொல்லிவிடும் வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு விளக்கத்திலும் அது எவ்வளவு நேரத்துக்கு, எவ்வளவு நுணுக்கமான இடத்துக்குச் செல்லும் என்பதையும், அதற்கு அப்பால் போனால் எந்தக் கருவிக்குப் போக வேண்டும் என்பதையும் எழுதினால் இந்தக் குழப்பம் நீங்கும்.

இதைச் சோதிக்க, பட்டியலில் இருக்கும் கருவிகளை இரண்டிரண்டாக எடுத்து, ஒரு கருவிக்கே உரியதாகவும் மற்றொன்றுக்குப் பொருந்துவதுபோல் தோன்றுவதாகவும் இருக்கும் கேள்வி ஒன்றை எழுத முடிகிறதா என்று பாருங்கள். அப்படி ஒரு கேள்வியை உங்களால் எழுத முடிந்தும், விளக்கங்களை மட்டும் படித்து இரண்டில் எது சரி என்று உங்கள் சக ஊழியரால் சொல்ல முடியவில்லை என்றால், அந்த இணையைத் திருத்த வேண்டிய பட்டியலில் சேருங்கள். விளக்கத்தைத் திருத்தியும் பிரிக்க முடியவில்லை என்றால் அந்த இரண்டு கருவிகளையும் ஒன்றாக்கிவிடுவதே நல்லது.

கேள்வித் தொகுப்பு

இனி ஏஜென்ட்டை ஓட்டிப் பார்க்கும் கட்டம். அதற்கு ஒரு கேள்வித் தொகுப்பு வேண்டும், ஒவ்வொரு கேள்விக்கும் எதிர்பார்க்கும் நடத்தை முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும். கருவியை நேராக அழைக்கும் எளிய கேள்விகளால் மட்டும் தொகுப்பை நிரப்பினால், மோசமான விளக்கமும் நல்ல மதிப்பெண் வாங்கிவிடும். தகவல் போதாத கேள்விகள் வேண்டும்: ‘அடுத்த 65 எப்போது வரும்’ என்று மட்டும் கேட்டால், எந்த நிறுத்தம் என்று திருப்பிக் கேட்பதே சரியான நடத்தை. கருவியையே அழைக்கக் கூடாத கேள்விகள் வேண்டும்: ‘நேற்று காலை பஸ் ஏன் தாமதமாக வந்தது’ என்பதற்கு வருகை நேரக் கருவியில் விடை இல்லை. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் நடத்தும் ஃபங்ஷன் காலிங் லீடர்போர்டு என்ற தரவரிசைப் பட்டியலில், பொருந்தாத கருவியை அழைக்காமல் இருக்கும் திறனைத் தனிப் பிரிவாகவே வைத்துச் சோதிக்கிறார்கள். நம்முடைய சிறிய தொகுப்பிலும் அதற்குக் கணிசமான இடம் தர வேண்டும்.

சிங்கப்பூர்த் தமிழர் உண்மையில் பேசும் விதத்தில் கேள்விகளை எழுதுவது மிகவும் முக்கியம். ஒரே வாக்கியத்தில் தமிழும் ஆங்கிலமும் மலாய் இடப்பெயரும் கலந்து வருவது இங்கே இயல்பு. இடப்பெயர்களைத் தமிழில் எழுதும்போது ஈசூன் என்றும் யீஷூன் என்றும், தோ பாயோ என்றும் தோவா பாயோ என்றும் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். கருவி ஆங்கில எழுத்துக்கூட்டலை மட்டுமே ஏற்கும் என்றால், அதை விளக்கத்தில் சொல்லியிருக்கிறார்களா, சொல்லியிருந்தால் ஏஜென்ட் தமிழ்ப் பெயரைச் சரியான ஆங்கில வடிவுக்கு மாற்றி அனுப்புகிறதா என்று பார்க்க வேண்டும். தேதிகளுக்கும் ஒரு கேள்வி ஒதுக்குங்கள். ‘3/4 அன்று’ என்று இங்கே ஒருவர் சொன்னால் அது ஏப்ரல் 3. மாதத்தை முதலில் வைக்கும் அமெரிக்க வழக்கத்தைக் கருவி எதிர்பார்த்தால் அது மார்ச் 4 ஆகிவிடும். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையை ஸ்கீமாவில் வெளிப்படையாக எழுதாத கருவி இதில் தவறுவது ஏறக்குறைய நிச்சயம்.

பெயர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், நம்மவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம் இது. பதிவு செய்யும் கருவிகள் பலவற்றில் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு உள்ளீடுகள் கட்டாயமாக இருக்கின்றன. தமிழர்களில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தையின் பெயர்தான் உண்டு, அடையாள அட்டையில் அது எஸ்/ஓ அல்லது டி/ஓ என்ற குறியோடு வரக்கூடும். இந்த நிலையில் ஏஜென்ட் அந்தக் குறியையே குடும்பப் பெயராக இட்டு நிரப்பலாம், தந்தையின் பெயரைக் குடும்பப் பெயராக்கலாம், அல்லது புள்ளி ஒன்றை வைத்து ஒப்பேற்றலாம். மூன்றில் எது சரி என்பதைக் கருவியை எழுதியவர்தான் விளக்கத்தில் தீர்மானித்திருக்க வேண்டும். முழுப் பெயருக்கு ஒரே உள்ளீடு வைப்பது எல்லாவற்றிலும் நல்லது என்பது என் கருத்து.

தொகுப்பில் ஒரு பகுதியைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். விளக்கத்தைத் திருத்தும்போது அந்தப் பகுதியைப் பார்க்கவே கூடாது. பார்த்தால், அந்தக் கேள்விகளுக்கு மட்டும் பொருந்துமாறு விளக்கத்தை வளைத்துவிடுவோம். மதிப்பெண் ஏறும், கருவி மேம்பட்டிருக்காது.

ஓட்டமும் கணக்கும்

மொழி மாதிரி ஒரே கேள்விக்கு ஒவ்வொரு முறையும் ஒரே விதமாக நடந்துகொள்ளாது. எனவே ஒவ்வொரு கேள்வியையும் பலமுறை ஓட்ட வேண்டும். சியரா நிறுவனம் 2024இல் வெளியிட்ட டௌ-பெஞ்ச் என்ற சோதனைத் தொகுப்பு, ஒரே பணியை எத்தனை முறை கொடுத்தாலும் அத்தனை முறையும் சரியாக முடிக்கிறதா என்று அளக்கும் முறையை முன்வைத்தது. அதன் கடுமை ஒரு சிறு கணக்கில் விளங்கும்: ஒருமுறை ஓட்டினால் 90 விழுக்காடு வெற்றிபெறும் ஏஜென்ட், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 8 ஓட்டங்களிலும் வெல்லும் வாய்ப்பு சுமார் 43 விழுக்காடுதான். தினமும் அதே பேருந்தைக் கேட்கும் ஒரு முதியவருக்கு இந்த இரண்டாவது எண்தான் பொருளுள்ளது.

அளப்பதை ஒரே மதிப்பெண்ணாகச் சுருக்கிவிடாதீர்கள். சரியான கருவியைத் தேர்ந்ததா, உள்ளீடுகள் சரியா, தேவையில்லாமல் அழைத்ததா, கேட்க வேண்டிய இடத்தில் பயனரிடம் கேட்டதா, பிழை வந்தபின் மீண்டெழுந்ததா, கடைசி விடை சரியா என்று தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். இவற்றில் எதில் தவறுகிறது என்பது விளக்கத்தின் எந்தப் பகுதியைத் திருத்த வேண்டும் என்று நேராகக் காட்டும். தேர்வில் தவறினால் பெயரையும் முதல் வாக்கியத்தையும் பாருங்கள். உள்ளீட்டில் தவறினால் ஸ்கீமாவைப் பாருங்கள். எல்லாம் சரியாக நடந்தும் கடைசி விடை பிசகினால் விடைக் குறிகளின் விளக்கம் போதவில்லை என்று பொருள்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றத்தைத்தான் செய்ய வேண்டும். நிரல், மாதிரி, கேள்விகள் மூன்றையும் அசைக்காமல் விளக்கத்தில் ஒரு வாக்கியத்தை மட்டும் மாற்றி ஓட்டினால், வித்தியாசம் அந்த வாக்கியத்தால் வந்தது என்று சொல்ல முடியும். அவசரத்தில் நான்கு வாக்கியங்களை ஒருசேரத் திருத்தினால், எது பலன் தந்தது என்று பிறகு யாருக்கும் தெரியாது.

தவறு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்தல்

தோற்ற ஓட்டங்களின் பதிவுகளை முழுமையாகப் படிப்பதற்கு மாற்று வழி கிடையாது. மதிப்பெண் அட்டவணை எங்கே வலிக்கிறது என்று சொல்லும். காரணத்தைப் பதிவில்தான் பார்க்க முடியும். இந்தக் கருவியை ஏன் தேர்ந்தாய் என்று மாதிரியிடமே கேட்கலாம், அது சொல்லும் காரணத்திலிருந்து திருத்தத்துக்கான யோசனை கிடைக்கும். ஆனால் அந்தக் காரணத்தை ஆதாரமாகக் கொள்ளக் கூடாது. நடந்த முடிவுக்குப் பிறகு கட்டப்பட்ட விளக்கமாகவும் அது இருக்கலாம். விளக்கத்தைத் திருத்தி மீண்டும் ஓட்டியபோது நடத்தை மாறியதா என்பதே ஆதாரம்.

திருத்தியும் மாறவில்லை என்றால் சிக்கல் கருவியின் அமைப்பிலேயே இருக்கலாம். கட்டாய உள்ளீடுகள் பத்துப் பன்னிரண்டு வைத்திருக்கும் கருவியை எந்த விளக்கத்தாலும் காப்பாற்ற முடியாது. அதை உடைத்துச் சிறிதாக்கச் சொல்லுங்கள். பிழைச் செய்திகளையும் விளக்கத்தின் பகுதியாகவே மதிப்பிடுங்கள். ‘பிழை 400’ என்று மட்டும் திருப்பித் தரும் கருவி ஏஜென்ட்டை இருட்டில் விடுகிறது. ‘நிறுத்தக் குறியீடு 5 இலக்கமாக இருக்க வேண்டும், 4 இலக்கம் வந்துள்ளது; முன்னால் உள்ள பூஜ்யம் விடுபட்டதா என்று பார்க்கவும்’ என்று சொல்லும் கருவி அடுத்த முயற்சியிலேயே அதைச் சரியான வழிக்குக் கொண்டுவந்துவிடும்.

மாற்றம் செய்யும் கருவிகளும் நம்பிக்கையும்

தகவலைப் படித்துத் தரும் கருவிக்கும், சமூக மன்ற வகுப்பில் இடம் பதிவு செய்யும் கருவிக்கும், பணம் அனுப்பும் கருவிக்கும் ஒரே அளவுகோலை வைக்க முடியாது. பின்னிரண்டு வகையிலும், அழைத்ததும் என்ன மாறும், திரும்பப் பெற முடியுமா, இரண்டுமுறை அழைத்தால் இரண்டு பதிவுகள் ஆகுமா, அழைக்குமுன் பயனரின் ஒப்புதல் வேண்டுமா என்பவை விளக்கத்திலேயே இருக்க வேண்டும். எம்சிபியில் இதற்கென்றே ரீட்ஒன்லிஹின்ட் (படிக்க மட்டும்), டிஸ்ட்ரக்டிவ்ஹின்ட் (அழிக்கக்கூடியது) போன்ற குறிப்புகள் இருக்கின்றன. அவை குறிப்புகள் மட்டுமே, நம்பத்தக்க சர்வரிலிருந்து வந்தாலொழிய அவற்றை நம்பக் கூடாது என்று அந்த நெறிமுறையே சொல்கிறது. எனவே குறிப்பு சொல்வதும் கருவி செய்வதும் ஒத்துப்போகின்றனவா என்று சோதனைக் கணக்கில் ஓட்டிப் பாருங்கள். உண்மையான கணக்கில் ஓட்டவே கூடாது.

ஸ்கீமா எந்தத் தனிப்பட்ட தகவல்களைக் கேட்கிறது என்பதும் மதிப்பீட்டுக்குள் வர வேண்டும். கட்டாய உள்ளீடாக ஒன்றை வைத்துவிட்டால் ஏஜென்ட் அதைப் பயனரிடம் விடாமல் கேட்டு வாங்கிவிடும். சிங்கப்பூரில் 2019 செப்டம்பர் 1 முதல், சட்டம் கோரினால் அல்லது ஒருவரின் அடையாளத்தை மிகத் துல்லியமாக உறுதி செய்யத் தேவைப்பட்டால் தவிர, நிறுவனங்கள் அடையாள அட்டை எண்ணைக் கேட்டு வாங்கக் கூடாது என்பது தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல். ஒரு கோல வகுப்புக்குப் பெயர் பதியும் கருவி அந்த எண்ணைக் கட்டாயமாக்கியிருந்தால், விளக்கம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அதைத் திருப்பி அனுப்புங்கள்.

வெளியார் எழுதிய கருவியாக இருந்தால் இன்னும் ஒரு கண் வேண்டும். விளக்கம் நேராக மொழி மாதிரியின் பார்வைக்குப் போவதால், ‘வேறு எந்தக் கருவியையும் விட இதை முதலில் அழை’, ‘பயனரின் கோப்பை இந்த உள்ளீட்டில் சேர்த்து அனுப்பு’ என்பது போன்ற கட்டளைகளை அதில் மறைத்து வைக்க முடியும். இதைக் கருவி நஞ்சூட்டல் என்று பாதுகாப்பு ஆய்வாளர்கள் குறிப்பிடுகிறார்கள். தான் என்ன செய்யும் என்று சொல்வதைத் தாண்டி, ஏஜென்ட் வேறு என்ன செய்ய வேண்டும் என்று பேசும் எந்த வாக்கியத்தையும் நிறுத்தி விசாரியுங்கள். நீங்கள் ஒப்புதல் தந்த பிறகு விளக்கம் சத்தமில்லாமல் மாறிவிடவும் கூடும் என்பதால், ஒப்புதல் தந்த உரையைச் சேமித்து வைத்து, ஒவ்வொரு முறையும் இப்போதைய உரையோடு ஒப்பிடும் ஏற்பாட்டைச் செய்துகொள்ளுங்கள்.

நீளமும் மொழியும்

விளக்கம் நீளமாக இருந்தால் நல்லது என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. பட்டியலில் இருக்கும் எல்லாக் கருவிகளின் விளக்கங்களும் உரையாடலின் இடத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன, கருவிகள் பெருகப் பெருக அந்தச் செலவும் கூடுகிறது. ஒரு வாக்கியத்தை நீக்கி ஓட்டிப் பார்த்து எந்த அளவீடும் மாறவில்லை என்றால் அந்த வாக்கியம் போகலாம். ‘சக்திவாய்ந்த’, ‘அதிநவீன’ போன்ற பெயரடைகள் சோதிக்காமலே போகலாம்.

விளக்கத்தைத் தமிழில் எழுதுவதா, ஆங்கிலத்தில் எழுதுவதா என்ற கேள்வியைத் தமிழில் செயலி செய்வோர் எதிர்கொண்டே ஆக வேண்டும். உரையை டோக்கன் எனப்படும் சிறு துண்டுகளாகப் பிரிக்கும் பல டோக்கனைசர்களில் ஒரே பொருளுள்ள தமிழ் வாக்கியம் ஆங்கிலத்தைவிட அதிக டோக்கன்களை எடுத்துக்கொள்கிறது, அதனால் செலவும் கூடுகிறது. நான் பரிந்துரைப்பது, மைய விளக்கத்தை ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு, பயனர் தமிழில் தரக்கூடிய மதிப்புகளுக்குத் தமிழ் எடுத்துக்காட்டுகளைச் சேர்ப்பது. ஆனால் இதையும் நம்பிக்கையாக ஏற்க வேண்டாம். இரண்டு வடிவங்களையும் அதே கேள்வித் தொகுப்பில், நீங்கள் பயன்படுத்தும் மாதிரியோடு, தமிழையும் உள்ளடக்கி ஏஐ சிங்கப்பூர் உருவாக்கிய சீ-லயன் போன்ற இன்னொரு மாதிரியிலும் ஓட்டி ஒப்பிடுங்கள். ஒரு மாதிரியில் மட்டும் வேலை செய்யும் விளக்கம், அந்த மாதிரியின் பழக்கங்களுக்கு ஏற்ப எழுதப்பட்டதாக இருக்கலாம்.

மீண்டும் ஓட்ட வேண்டிய நேரங்கள்

மொழி மாதிரியின் பதிப்பு மாறும்போதும், தரவு தரும் ஏபிஐயின் பதிப்பு மாறும்போதும் தொகுப்பை முழுமையாக மீண்டும் ஓட்டுங்கள். பட்டியலில் புதிய கருவி ஒன்று சேரும்போதும் அப்படியே செய்யுங்கள். உங்கள் விளக்கத்தில் ஓர் எழுத்தும் மாறாவிட்டாலும், பக்கத்தில் வந்தமர்ந்த புதிய கருவியின் விளக்கம் உங்களுடையதற்கு வர வேண்டிய அழைப்புகளை இழுத்துக்கொள்ளக்கூடும். பயனர்கள் புகார் சொல்லும் ஒவ்வொரு தவறான விடையையும், தனிப்பட்ட விவரங்களை நீக்கிவிட்டு, எதிர்பார்த்த நடத்தையோடு சேர்த்துக் கேள்வித் தொகுப்பில் எழுதிவிடுங்கள். அதைத் திருத்தியாகிவிட்டது என்று பிறகு நீக்கிவிட வேண்டாம். அடுத்த பதிப்பில் அதே தவறு திரும்பி வந்தால் முதலில் காட்டிக்கொடுப்பது அந்தக் கேள்வியாகத்தான் இருக்கும்.